அடுத்தவருடைய ஞாயிறு

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். 1982 புத்தாண்டன்று தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்துக்கொண்டபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. நம் ஊரில் காலை ஆறு என்றால் இரண்டு இடத்திலும் எட்டரை. வாரம் மட்டும் ஒன்றில்லை. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு விடுமுறை. பாலத்தைத் தாண்டியதும் வருகிற மலேசிய மாநிலமான ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாறினார்கள். வடக்கே கெடா மாநிலத்தில் இன்றும் வெள்ளி, சனிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கெடாவின் இந்தக் கணக்கு எனக்கு ஒரு போன் பேச்சில்தான் தெரிந்தது. சுங்கைப்பட்டாணியில் என் சின்னத் தாத்தாவின் பேத்தி இருக்கிறாள். எனக்குத் தங்கை முறை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் தொடங்கிய குடும்பம் அது. இப்போது அவள் சொந்த வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாள். “ஞாயித்துக்கிழமைதானேம்மா?” என்று கேட்டேன். “இல்லண்ணே, ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஸ்கூல். வெள்ளிக்கிழமை காலையில வச்சிருக்கோம். ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க” என்றாள்.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, சிங்கப்பூரில் அக்கா மகன் கல்யாணம். நான் தாய்மாமன்; சீர் வைக்க வேறு ஆளை அனுப்ப முடியாது. அன்று மாலையே பார்க்க வேண்டிய இன்னொருவனும் இருந்தான். எங்கள் தெருப் பையன், அங்கே துவாஸில் ஒரு ஷிப்யார்டில் வேலை செய்கிறான். “தம்பிக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தாண்ணே ஆஃபு” என்று சொல்லித்தான் அவன் அம்மா பலகாரப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

ஆக, முன்னால் ஒரு ஞாயிறு, பின்னால் ஒரு வெள்ளி. இரண்டையும் அசைக்க முடியாது. இடையில் கிடந்த வேலை நாட்கள்தான் எனக்கும் என் மனைவிக்கும் சொந்தம். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். இவ்வளவு செலவு பண்ணிப் போய்விட்டு விசேஷ வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதா என்றார்கள். ஒரு நண்பர், கல்யாணம் முடிந்த கையோடு பாலிக்கு விமானம் ஏறி இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். அன்போடு செய்தார்; ஆனாலும் அந்த அட்டவணையை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் பயணத்துக்கு நடுவே வந்த தடைகள் போல இருந்தன. நான் அந்த நாடுகளுக்குப் போவதே அந்த மனிதர்களுக்காகத்தான்.

நம் ஊரில் புதன்கிழமை முகூர்த்தம் என்றால் புதன்கிழமை கல்யாணம். கடையைச் சாத்திவிட்டு வருவார்கள், வயல் வேலையைத் தள்ளி வைப்பார்கள், அலுவலகத்தில் அரை நாள் சொல்லிவிட்டு வருவார்கள். சிங்கப்பூரில் அக்கா பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு செய்தது வேறு கணக்கு. மாதத்தில் வருகிற முகூர்த்தங்களை எழுதி, வேலை நாளில் விழுவதையெல்லாம் அடித்துக்கொண்டே போனாள். பிறகு மண்டபம் கிடைக்காத நாட்களை அடித்தாள். மிஞ்சியது அந்த ஒரு ஞாயிறு. கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும், ஐந்து நாள் அலுவலகத்தில் உழைத்துவிட்டு மிச்சம் கிடைத்த இரண்டு நாளில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். துணி துவைக்க, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர, ஒரு மதியம் படுத்துத் தூங்க அவர்களுக்கு இருப்பது அந்த இரண்டு நாள்தான். விருந்தாளியாகப் போகிற நமக்கு எல்லா நாளும் விடுமுறை நாள். அதனால்தான் அவர்கள் கொடுப்பதன் அளவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அந்த அளவு எனக்குப் புரிந்தது அன்று மாலை, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையிலும் பக்கத்துச் சந்துகளிலும் நடக்க இடமிருக்காது. தீவின் ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே வந்து கூடுகிறார்கள். பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை. புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்த கூட்டம். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் ஊரிலிருக்கும் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார் ஒருவர். குழந்தை கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பையன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, ரூமில் எல்லோரோடும் சாப்பிடுவதாகச் சொல்லி மறுபடி கட்டினான். பேச்சுவாக்கில்தான் சொன்னான்: “இன்னிக்கும் கூப்பிட்டாங்க மாமா. ஊர்லேருந்து ஆள் வந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்.”

கம்பெனி கேட்டுக்கொண்டு ஓய்வு நாளில் முழு வேலை பார்த்தால் அங்கே இரண்டு நாள் சம்பளம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைத்துக்கொண்டிருக்கிற பையன் அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, துவாஸிலிருந்து தீவின் குறுக்கே ரயிலில் வந்து, எங்களோடு ஒரு டீ குடித்தான். அதை அவன் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது பெரிது. அந்த மாலையை “கல்யாணம் முடிந்து நேரம் இருந்தால்” என்று வைத்திருந்தால் அவனைப் பார்த்திருக்கவே முடியாது. திங்களோ செவ்வாயோ அவனை நான் எங்கே போய்ப் பார்ப்பது? வேலைத்தளத்து வாசலிலா?

திங்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் அக்கா வீடு காலி. அத்தானும் மற்றவர்களும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்களும் அன்றே கிளம்பினோம். வார இறுதியில் கட்டிப்போடப்பட்ட பயணத்துக்கு ஒரு நன்மை உண்டு. எல்லை தாண்டுவது தானாகவே வேலை நாளில் வந்துவிடும். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் தரைப்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். 1923இல் ரயில் ஓடத் தொடங்கி, 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. இன்று நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் அதைக் கடக்கிறார்கள். வெள்ளி மாலையில் அந்த ஒரு கிலோமீட்டருக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். வேலை நாளின் விடியற்காலையில் மலேசியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களின் வெள்ளம் சிங்கப்பூர்ப் பக்கம் பாயும். அந்தியில் அதே வெள்ளம் திரும்பும். இரண்டுக்கும் நடுவே, முன்பகலில், எதிர்த்திசையில் மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கு வழி ஓரளவு விட்டுக் கிடக்கும். மலாக்கா பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பெட்டி சிறிதாக இருப்பது நல்லது.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன், இப்படிப் போகிறவர்களுக்கு உதவும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது; கிளம்பும் முன் அந்தச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதுவும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அதனால் இரண்டாம் நாட்டு அட்டையை ஊரிலிருந்தே நிரப்பிவிட்டு வர முடியாது. நாங்கள் மலேசிய அட்டையைக் கல்யாண வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். இரண்டு அட்டைக்கும் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளங்கள் போலி. டிக்கெட்டைத் திருச்சி–சிங்கப்பூர், கோலாலம்பூர்–திருச்சி என்று ஒருவழியாகத் தனித்தனியே போட்டோம். மலிவு விமானங்களில் அப்படிப் போடுவதால் நஷ்டமில்லை, வந்த வழியே திரும்புகிற அலைச்சலும் இல்லை.

நடு நாட்களுக்கு மலாக்கா ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். அங்கே பேர்பெற்ற ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் நடக்கும். செவ்வாய்க்கிழமை போகிறவர்களுக்கு அது கிடையாது. பதிலுக்கு வேறொன்று கிடைக்கிறது. துக்காங் எமாஸ் தெரு என்று ஒன்று, பொற்கொல்லர் தெரு. அங்கே 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அதே வரிசையில் பழைய பள்ளிவாசல், அடுத்துச் சீனக் கோயில். அந்தப் பிள்ளையார் மலாக்கா செட்டிகளுடையவர். தமிழ் வணிகர்கள் சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான சமூகம் அது. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். மதிய வெயிலில் தெரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் கடை வாசலில் ஊதுபத்திக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார், பள்ளிவாசல் திண்ணையில் ஒரு முதியவர் தூங்கினார். எங்களைக் கூப்பிட்டு விற்க யாரும் இல்லை. கோயில் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஊர், அடுத்த இடம் என்ற பட்டியல் கையில் இருந்திருந்தால் அந்தப் படியில் பத்து நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டோம்.

கடமைகளைக் கழற்றிவிட்டுப் போவதுதான் உண்மையான விடுமுறை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா நாளும் நம் கையில் இருக்கும்போது ஒவ்வொரு நாளையும் எதனால் நிரப்புவது என்ற கவலையும் நம் கையில்தான் இருக்கிறது; இன்னும் நல்ல இடம் ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற அரிப்பும் கூடவே வருகிறது. பிறருக்காக இரண்டு நாளைக் கொடுத்தாகிவிட்டது என்றால் மிச்ச நாட்கள் இலேசாகிவிடுகின்றன. அவற்றிலிருந்து நாம் பெரிதாக எதையும் வசூலிக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை கோலாலம்பூர் வழியாக ரயில் பிடித்துச் சுங்கைப்பட்டாணி போய்ச் சேர்ந்தோம். வியாழக்கிழமைக்கு எந்தத் திட்டமும் வைக்கவில்லை. ஒரு விசேஷத்துக்கு முந்தின நாளை வேறெதற்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ரயில் தாமதமானால் தாங்குவதற்கு என்பது ஒரு காரணம்தான். முந்தின நாள்தான் வீடு வீடாக இருக்கும். வியாழன் அவர்களுக்கு வாரத்தின் கடைசி வேலை நாள். தங்கை மதியத்துக்கு மேல் பள்ளியிலிருந்து திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு வந்தாள். மாப்பிள்ளையோடு நான் வாழையிலை வாங்கப் போனேன். என் மனைவி வந்திருந்த பெண்களோடு வெங்காயம் உரித்தாள். ஒரு பெரியம்மா எங்கள் ஊர்க் கண்மாயின் பெயரைச் சொல்லி, அது இன்னும் நிறைகிறதா என்று கேட்டார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. கடைசியாக எப்போது நிறைந்தது என்று யோசித்துப் பதில் சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இருந்திருக்காது.

வெள்ளி காலை பால் காய்ச்சினார்கள். சனிக்கிழமை களைப்போடு களைப்பாக எங்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார்கள். மெர்போக்கில், ஓடைக்கரையில் சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலின் கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்தப் பகுதிதான் என்பார்கள். தங்கையின் மகள் பள்ளியில் படித்ததை எங்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்; அவள் அம்மா மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். புது வீட்டில் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. மறுநாள் ஞாயிறு, பள்ளிக்கூடம். அந்த வாரம் அவளுக்கு ஓய்வு நாளே இல்லை. அதை முழுக்க எங்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், டிக்கெட் விலை எந்த நாளில் குறைவு என்று பார்க்கும் முன்னால் ஒரு போன் போடுங்கள். “உங்களுக்கு எந்தெந்த நாள் லீவு, அதில் எங்களுக்கு எதைக் கொடுக்க முடியும், எதை உங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற நாளை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் நாட்களை எண்ணுங்கள்.