பிறர் கடிதமும் நம் பெட்டியும்

முன்னாளில் நம்மவர் கடைகள் பல, ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தபால் விலாசமாகவும் விளங்கின. கப்பல் தபால் வந்ததும் கடைக்காரர் கடிதங்களை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். உரியவர் ஓய்வு நாளில் வந்து பெற்றுச் செல்வார். அந்த உறையைப் பிரிக்கலாகாதென்று எவரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது அமானிதம் என்பதை அவர் அறிவார்.

இன்று கடிதங்கள் மின்னஞ்சலாக வருகின்றன. விலை கேட்டு எழுதுபவர், தவணை கேட்டு எழுதுபவர், பயணச்சீட்டுக்காகப் பாஸ்போர்ட் பிரதி அனுப்புபவர் ஆகிய எல்லாருடைய தாள்களையும் நம்மில் பலர் இலவசப் பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். 2004-ல் ஜிமெயிலைத் தொடங்கிய கூகுள் நிறுவனம், விளம்பரத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக அக்கடிதங்களை இயந்திரங் கொண்டு வாசிப்பதை நிறுத்தப் போவதாக 2017-ல்தான் அறிவித்தது. நம்மை நம்பிக் கொடுத்ததை நாம் முகமறியாத ஒருவரிடம் வைப்பது தகுமா?

இக்கேள்வி உறுத்தவே, சொந்த சர்வர் வைக்கத் துணிந்தோம். கடையின் பின்னறையில் கிடந்த பழைய கணினியே போதுமென எண்ணினோம். ஆனால் ஒரு சர்வரிலிருந்து மறு சர்வருக்குக் கடிதம் செல்லும் 25-ஆம் எண் வாயிலை நம் இணைப்பில் அடைத்து வைத்திருந்தார்கள். ஆகவே மாத வாடகைக்கு ஓர் இயந்திரம் எடுத்தோம். (சொந்தப் பெட்டி என்றோம், அதுவும் பிறர் கட்டடத்தில்தான் அமைந்தது!) அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, கடிதங்களைச் சுமக்கப் போஸ்ட்ஃபிக்ஸையும், அவற்றைப் பேணிக் கைபேசிக்குக் கொடுக்க டவ்காட்டையும் அமர்த்தினோம். போஸ்ட்ஃபிக்ஸ், வீட்ஸ வெனேமா என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது இயற்றி, 1998-ல் வெளிவந்தது. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

கடினமானது, நாம் நாமே என்று பிறருக்கு நிரூபிப்பதுதான். நம் பெயரில் எந்த இயந்திரம் கடிதம் விடலாமென்று கூறுவது எஸ்.பி.எஃப்.; கடிதந்தோறும் இடும் முத்திரை டி.கே.ஐ.எம்.; இவற்றில் தேறாததை என்ன செய்வதென்று கூறுவது டி.மார்க். கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரி முதல் இத்தகைய சான்றுகளைக் கேட்கின்றன. ஒரு வாரம் போராடி யாவற்றையும் முடித்தோம். சற்றே பெருமிதமும் கொண்டோம்.

மூன்றாம் மாதம் ஓர் இரவில் நம் பெயரால் ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்கள் வெளியேறின. காரணம் வேறொன்றுமில்லை. கடைப் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஒரு கணக்கிற்குக் கடவுச்சொல் வைத்திருந்தோம். நம் சர்வரின் எண் தடைப்பட்டியலில் ஏறிற்று. பல நாட்கள் நம் பில்கள் வாடிக்கையாளரைச் சேரவில்லை. அது கிடக்கட்டும், வியாபார நஷ்டம். ஆனால் கடிதம் அனுப்பவும் வாசிக்கவும் சாவி ஒன்றே அல்லவா? அந்தப் பெட்டியில் பிறருடைய பாஸ்போர்ட் பிரதிகள் இருந்தன. பெரிய நிறுவனத்தார் வாசிப்பாரோ என்று அஞ்சிய நாம், திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

இதை உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டாமா? கூச்சத்தை விடாமல் சொல்வதானால், இரண்டு நாள் வாளாவிருந்தோம். வாடிக்கை போய்விடுமே என்ற பயம். வெளியாரின் வேலை என்று பூசி மழுப்ப வாசகங்கூடத் தயாரித்தோம். பின்னர் அதைக் கிழித்தெறிந்து, கடவுச்சொல்லை எளிதாக வைத்தது நம் குற்றமே என்று ஒவ்வொருவருக்கும் எழுதினோம். இருவர் வேறு கடையை நாடினர். அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை.

அப்படியானால் பெரிய நிறுவனத்திடமே விட்டுவிட்டால் பொறுப்புத் தீருமோ? சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைக் கையாளும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், தாமே கையாண்டால் என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஒப்படைத்தவருக்கு உண்டு. காவலுக்கு ஆள் வைத்த முதலாளி காவலின் கடமையிலிருந்து விலகிவிடுவதில்லை.

இயந்திரத்தைப் புதுப்பிக்கவும், பதிவேட்டைப் பார்க்கவும், மாற்றுப் பிரதி எடுத்து வைக்கவும் நேரமில்லாதவர், சொந்த சர்வர் என்ற பெயருக்காக அதை வைப்பது பிறர் பொருளைப் பணயம் வைப்பதாகும் என்பதே நம் அபிப்பிராயம். அவர் கூலி கொடுத்து நல்லதோர் நிறுவனத்தை அமர்த்தட்டும். ஆனால் விலாசத்தின் பெயரை மட்டும் தம் பெயரில் பதிந்து வைத்துக் கொள்ளட்டும். கிட்டங்கி மாறினாலும் பெயர்ப்பலகை மாறாதிருக்க அதுவே வழி.

நாம் சர்வரை மூடவில்லை. கடவுச்சொற்களை மாற்றினோம், தவறான சொல்லால் திரும்பத் திரும்பத் தட்டுபவரைத் தடுக்கும் காவலும் போட்டோம். அப்போதுதான் அந்தப் பழைய மேஜை இழுப்பறை நினைவுக்கு வந்தது. அது வாராவாரம் காலியாகிவிடும். கடிதம் உரியவர் கைக்குப் போய்விடும். நாமோ எதையும் அழிக்காமல் ஆண்டாண்டாகக் குவித்து வைத்திருக்கிறோம். வேலை முடிந்த பிரதிகளை உட்கார்ந்து அழித்தோம். பழைய பெட்டியிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தவற்றுள் 2011-ஆம் ஆண்டு வந்த பாஸ்போர்ட் பிரதி ஒன்றும் அகப்பட்டது. அதற்கு உரியவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.