பனிக்கட்டியில் ஓர் அமானிதம்

பத்தமடையில் பாய் நெய்வோருக்குக் காலத்தின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிளந்து உலர்த்திய கோரை, பொருநையின் ஓடும் நீரில் சில நாட்கள் ஊறினால்தான் பட்டுப்பாய்க்குரிய மென்மை பெறும். நாள் மிகுந்தால் அழுகிவிடும். பொருளை ஆள்பவன் மனிதனாயினும் அதன் காலத்தை ஆள்பவன் அவனல்லன்.

உறுப்புத் தானத்திலும் நம்மைச் சோதிப்பது இக்காலமே. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்தை எடுத்தபின், குளிர்ந்த கரைசலால் அதிலுள்ள குருதியை அகற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரிக் குளிரில் வைக்கின்றனர். குளிர் அதன் பசியைத் தணிக்குமேயன்றித் தீர்க்காது. இதயம் 4 முதல் 6 மணி நேரமே தாங்கும். சிறுநீரகமோ 24 மணி நேரமும் தாங்கும். ஆதலால் அவசரமில்லை என எண்ணுவது தவறு. நேரம் நீள நீள, பொருத்திய சிறுநீரகம் உடனே இயங்காமல், நோயாளி மீண்டும் சில நாட்கள் டயாலிசிஸை நாடும் நிலை பெருகுகிறது. அச்சிறுநீரகத்தின் ஆயுளும் குறையக்கூடும்.

அப்படியாயின், ஐயத்துடன் நிற்கும் உறவினரை 'விரைந்து சொல்லுங்கள்' என நெருக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. 1988-இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இறந்தவர் முன்பே இசைந்திருந்தால், அல்லது வாரிசுகள் இசைந்தால், இத்தானம் ஆகும் எனத் தீர்மானித்தது. எனினும் நம் நாட்டு உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜனாஸாவைத் தாமதியாது அடக்குவதும் நம் மரபு. மகனைப் பறிகொடுத்த தாயிடம் கடிகாரத்தைக் காட்டிப் பெறும் இசைவு, இசைவாகாது.

கொடுப்போருக்குத் தயங்க உரிமையுண்டு; பெற்றபின் தாமதிக்க எவருக்கும் உரிமையில்லை. 2008 செப்டம்பரில் சென்னையில் ஹிதேந்திரன் என்னும் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் ஈந்தனர். காவலர்கள் வழியமைத்துத் தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவ்விதயம் 15 நிமிடத்துக்குள் சென்று சேர்ந்தது. பெற்றோர் கொடுத்ததை ஒரு மாநகரம் அமானிதமாய்க் காத்தது. நெல்லையில் எடுக்கும் சிறுநீரகம் மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல நேர்ந்தாலும் கடமை அதுவே. ஊர்தி ஓட்டுபவர் முதல் அறுவை மருத்துவர் வரை எல்லோரும் அமானிதம் சுமப்பவர்களே.

நமக்குரிய கடமையோ அதற்கும் முந்தியது. நலமாயிருக்கும் நாளிலேயே ஆலிம்களிடம் தெளிவு பெற்று, வீட்டாரிடம் மனந்திறந்து பேசி, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவைப்போம். துயர வேளையில் பிள்ளைகளின் தோளில் அச்சுமையை ஏற்றாதிருப்பதும் ஒரு தருமமேயாகும்.