ஆட்டம் முடிந்த வயது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டது, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னது எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. என் மனம் நிற்கும் இடம் வேறு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-இல் வெட்டப்பட்ட அந்தக் கல், வாரியத்துக்கு வருகிறவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், 70-ஐத் தாண்டியிருக்கக் கூடாது என்கிறது. ஊர்ப் பொறுப்பை நம்பிக் கொடுக்கலாம் என்று ஒருவருக்கு வாசல் திறக்கும் அந்த வயதில், கால்பந்து ஆடுகிறவருக்கு வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, அந்த 35 என்னை விடுவதில்லை.

அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறவர் வி.பி. சத்யன்.

கண்ணூர்க்காரர். 1965-இல் பிறந்தவர். ஸ்டாப்பர் பேக். எதிராளி எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்தைக் கழற்றி அனுப்புகிற வேலை. கேரள போலீஸ் அணி 1990-இல் திருச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது, ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி என்று பெரிய பெயர்கள் நிறைந்த அந்த அணியில் சத்யனும் ஒருவர். 1992-இல் கோயம்புத்தூரில் சந்தோஷ் டிராபி இறுதியாட்டம். கோவாவை 3-0 என்று அடித்து, 1973-க்குப் பிறகு முதல் முறையாகக் கேரளத்துக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அணிக்கு அவர்தான் கேப்டன். இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்தார். 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டு நடந்தபோது கால்பந்தில் தங்கம் வாங்கியதும் அவர் தலைமையில்தான். அப்போது அவருக்கு வயது 30. சென்னையிலேயே இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார், பிறகு அந்த அணிக்கே பயிற்சியாளரானார்.

2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் சத்யன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. மனைவியும் சிறு வயது மகளும் இருந்தார்கள். பல்லாவரம் அப்போது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோதுதான் அந்தப் பக்கம் போனது. உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்த நிலையத்தைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே யார் இறந்தார் என்று அவர்களில் அனேகம் பேருக்குத் தெரியாது. 2018-இல் ஜெயசூர்யா நடித்து ‘கேப்டன்’ என்று மலையாளத்தில் ஒரு படம் வந்ததால் கேரளத்தில் அவர் பெயர் மறுபடியும் பேசப்பட்டது. இங்கே அதுவும் இல்லை.

ஒருவர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்று வெளியில் இருப்பவர்கள் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை. காலில் பட்ட காயங்களின் வலி அவரைக் கடைசிவரை விடவில்லை என்பதும், மனச்சோர்வோடு அவர் மல்லுக்கட்டினார் என்பதும் அப்போதே செய்திகளில் வந்தவை. அந்த இரண்டையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், இந்தியாவுக்கு ஆடாத வேறொருவனிடம்.

அவன் என்னிடம் படித்தவன். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். கோடையில் ஏரி வற்றியதும் அந்தத் தரையில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவன். மாவட்ட அணி, விளையாட்டு விடுதி, பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை. லீக் ஆட்டங்களில் விங்கில் ஓடுவான். இடது முட்டி திரும்பிக்கொண்டபோது வீட்டார் முதலில் புத்தூர் கட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் அதுதான் வழக்கம். கிழிந்தது எலும்பில்லை, ஜவ்வு என்று ஸ்கேனில் தெரிய வந்தபோது சீசன் பாதி போயிருந்தது. பிறகும் ஆடினான். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். ஊசி போட்ட நாளில் கோல் அடித்தால் எல்லாரும் தோளில் தூக்கினார்கள். ஊசியின் வேகம் இறங்கிய இரவில் அவன் பக்கத்தில் இருந்தது அவன் அம்மா மட்டும்.

ஒரு வருஷம் அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

அரசு ஊழியருக்கு 60 வயதில் பணி நிறைவு விழா உண்டு. மாலை, சால்வை, குடும்பத்தோடு ஒரு போட்டோ. அந்தத் தேதி வேலையில் சேர்ந்த அன்றே அவருக்குத் தெரியும். ஆடுகிறவனுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. காலையில் ஆட்டக்காரனாக எழுந்தவன், மாலையில் முன்னாள் ஆட்டக்காரனாக வீட்டுக்குத் திரும்புகிறான். அதற்குப் பிறகு அவனுக்கு இன்னும் 25 வருஷம் அதே கட்டடத்தில் வேலை இருக்கிறது. பயிற்சி, டோர்னமென்ட் என்று மைதானத்திலேயே காலம் போனதால் மேசை வேலை கைவரவில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் தேர்வு எழுதி மேலே போய்விட்டார்கள், இப்போது அவன் ஃபைலைத் திருத்துகிறவர்கள் அவர்கள்தான். இது ஒரு அலுவலகத்தின் கதை இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போன பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஆளுக்கு ஆள் இதைத்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொள்வான். எழும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொள்வான். கல்யாண வீட்டில் தரையில் பந்தி போட்டால் உட்கார மாட்டான், டேபிள் பந்தி வரட்டும் என்று ஓரமாக நிற்பான். பார்க்கிறவர்கள் கௌரவம் பார்க்கிறான் என்கிறார்கள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“வலிய விடுங்க சார், அது பழகிப்போச்சு. மேட்ச் இல்லாத ஞாயித்துக்கெழமய எப்படி ஓட்டறதுன்னுதான் தெரியல” என்றான் ஒரு நாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குடி வந்து புகுந்துகொண்டது என்று பிறகு அவன் மனைவி சொன்னாள்.

பிரேசிலுக்கு 1958-லும் 1962-லும் உலகக் கோப்பை வென்று கொடுத்த கரிஞ்சா, குடியில் உடம்பு கெட்டு 1983-இல் 49 வயதில் இறந்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதி. உலகளாவிய கால்பந்து வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆட்டத்தை விட்டவர்களில் 35 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. பெரிய காயங்கள் பலமுறை பட்டவர்களிடம் இது இன்னும் அதிகம். மூன்று பேரில் ஒருவருக்கு மேல் இருக்கிற ஒன்றை அவரவர் மனபலம் குறைவு என்று தள்ளிவிட முடியாது.

எல்லாரும் அப்படி உடைந்துபோவதில்லை. சத்யனோடு ஆடிய ஐ.எம். விஜயன், சிறு வயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். ஆடி முடித்த பிறகும் கேரள போலீஸ் வேலை இருந்தது, சினிமாவும் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அவரை ‘திமிரு’விலும் ‘பிகில்’லிலும் பார்த்துவிட்டு, இவர் கால்பந்து வீரரா என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். 2025-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் திடமானவர், சத்யன் திடமில்லாதவர் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒருவருக்கு ஆட்டத்துக்கு வெளியே கால் ஊன்ற ஓர் இடம் அமைகிறது, இன்னொருவருக்கு அமைவதில்லை. அமையும் என்று விதியை நம்பி விட்டுவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

மறுபடி அந்தக் கல்லுக்கு வருகிறேன். வாரியத்துக்கு வருகிறவருக்கு வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்கிறது அது. பொறுப்பு 360 நாள்தான், இருந்தவர் மூன்று வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. பிராமண நிலக்கிழார்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி. உழுதவருக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். பதவி போன மறுநாள் அந்த மனிதர் எங்கே போய் நிற்பார் என்பதைப் பதவி கொடுப்பதற்கு முன்பே பார்த்தார்கள். நாம் 14 வயதுப் பையனை விடுதிக்கு அனுப்பும்போது அவன் உயரத்தைப் பார்க்கிறோம், 100 மீட்டரை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்று பார்க்கிறோம். ஆட்டம் நின்ற மறுநாளைப் பற்றி யாரும் அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசலாம். பிளஸ் டூவைப் பாதியில் விடாதே என்று சொல்லலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே ரெஃப்ரீ தேர்வு எழுத வைக்கலாம், பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் வாங்க வைக்கலாம். அணி வைத்திருக்கும் அலுவலகங்கள், ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் முன் நேரில் உட்கார்ந்து பேசலாம். மேசை வேலை பழக ஒரு வருஷம் கொடுக்கலாம். அந்த அலுவலகத்துக்காக ஆடிக் கெட்டுப்போன முட்டிக்கு ஆயுள் முழுக்க மருத்துவம் பார்க்க வேண்டியதும் அவர்கள்தான். அதைச் சலுகை என்று சொல்லிக் கேட்க எனக்குச் சம்மதமில்லை, அது அவர்கள் தர வேண்டிய பாக்கி.

மனசு சரியில்லை என்று சொல்ல ஆட்டக்காரர்களுக்கு வராது. வலியைக் காட்டினால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பழகியவர்கள். அதனால் அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. டெலி மானஸ் என்று 14416 எண்ணில் அரசு உதவி மையம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசில்லை. முட்டி போன என் மாணவனுக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானே ஒழியப் பேசவில்லை. போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நானே எண்ணைப் போட்டுப் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். முக்கால் மணி நேரம் பேசினான். வருகிற வியாழக்கிழமை செங்கல்பட்டில் முட்டிக்கு ஒரு டாக்டரையும் மனதுக்கு ஒரு டாக்டரையும் ஒரே நாளில் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அவன் மனைவியும் வருகிறாள். காலை 7 மணி பஸ்ஸுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.