யாருக்குக் கொழுப்பு?

எங்கம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினாலு வருசமாகிறது. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று உழைத்த உடம்பு. 'பணக்காரன் வியாதியாச்சே, நம்ம தெருவுக்கு எப்படி வழி தெரிஞ்சுது?' என்று முதலில் சிரித்தாள். இரண்டு வேளையும் மெட்பார்மின், ரத்தக் கொதிப்புக்கு ஒன்று. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கி வருவாள்.

2018இல் ஒருநாள் சீட்டில் புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தது.

'எதுக்கு சார் இது?'

'கொழுப்புக்கு.'

'கொழுப்பு சரியா இருக்குன்னு போன தடவதானே சொன்னீங்க?'

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். 'எழுதினத வாங்கிட்டுப் போ. நீ டாக்டரா, நான் டாக்டரா?'

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னாள்: 'கூலி ஒசத்திக் கேட்டப்ப ஆண்டை சொன்னான், சேரிக்காரிக்குக் கொழுப்பப் பாருன்னு. இவரு அதுக்கு மாத்திரையே குடுத்துட்டாரு.'

நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. நாம் கேள்வி கேட்டால் கொழுப்பு, கொடுத்ததை வாங்கிக்கொண்டால் நல்ல குணம் என்பது வயல்வரப்பில் மட்டும் உள்ள சட்டமல்ல. கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கேட்டபோது அந்த நேரம் கிடைத்ததையும் அம்மா பார்த்திருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் டாக்டரைத் திட்டி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எல்லாம் கம்பெனிக்காரன் கொள்ளைம்மா, நம்ம உடம்ப வச்சு வியாபாரம்' என்றேன். கூட்டங்களில் பேசிப் பழகிய வாய். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா அதை நம்பினாள். புது மாத்திரையை மட்டுமல்ல, எல்லாவற்றையும் நிறுத்தினாள். வரிசையில் நின்று வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கி வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் டப்பாவில் போட்டு வைத்தாள். எதிர்த்துக் கேட்க முடியாதவர்கள் எப்போதும் செய்வதுதான்: தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருப்பது.

எட்டு மாசம் கழித்துக் கரும்புக் கட்டை காலில் குத்தியது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. சீழ் வைத்த பிறகுதான் பார்த்தோம். இடது சுண்டுவிரலை எடுத்தார்கள். 'வெறுங்காலோட நடக்கக் கூடாதும்மா' என்றார் நர்ஸ். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வளர்ந்தவள் அம்மா. அவள் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மாத்திரையைப் பற்றிப் படித்தேன். அட்டோர்வாஸ்டாட்டின். சர்க்கரை உள்ளவருக்கு இதயமும் ரத்தக்குழாயும் கெடும் ஆபத்து அதிகம். அதனால் நாற்பது வயதுக்கு மேல் கொழுப்பு சரியாக இருந்தாலும் இதைக் கொடுக்கிறார்கள். 2004இல் வெளியான 'கார்ட்ஸ்' ஆய்வின் கணக்குப்படி, இதய நோய் இல்லாத சர்க்கரைக்காரர்கள் 1000 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற 37 பெரும் பாதிப்புகளாவது தவிர்க்கப்படும். மாத்திரை பொய்யில்லை. அதேசமயம் எல்லாரையும் காப்பாற்றும் மந்திரமுமில்லை. சிலருக்குத் தசைவலி வரும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது வெறும் வலி. குனிந்து நாற்று நடுகிறவளுக்கு அன்றைய கூலியே போச்சு. எல்லா வலியும் மாத்திரையால் வருவதில்லை என்பதும் நிஜம். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல, முதலில் அவள் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆக அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதிலும் இருந்தது. டாக்டர் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. நான் பதிலைத் தேடாமலே தீர்ப்புச் சொன்னேன். அவளுக்குப் புரியாது என்று அவர் நினைத்தார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இரண்டுக்கும் விலை கொடுத்தது அவள் விரல்.

கேள்வி வேறு, அவநம்பிக்கை வேறு. கேட்கிறவன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். சாத்திரத்தையே கேள்வி கேட்ட மனிதர், சிகிச்சைக்காகப் பம்பாய்க்குப் போனார், அங்கே சந்தித்த டாக்டரையே 1948இல் மணந்துகொண்டார். கேள்வி கேட்பதற்கும் மருத்துவத்தை ஏற்பதற்கும் பகையில்லை. உடம்பு யாருடையதோ அவர் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் விழுங்குவதும் தெரியாமல் துப்புவதும் ஒன்றுதான்.

பிறகு வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். டப்பாவை மேசைமேல் வைத்து, 'இதெல்லாம் நான் சாப்பிடலம்மா. எது எதுக்குன்னு சொன்னாத்தான் சாப்பிடுவேன்' என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னார். கொழுப்பு மாத்திரையைப் பற்றியும் சொல்லி, 'தொடை வலிச்சா நீங்களா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க, பாத்துக்கலாம்' என்றார்.

இப்போது அம்மா அதைச் சாப்பிடுகிறாள். ராத்திரி விழுங்கும்போது, 'கொழுப்பு மாத்திரை போட்டாச்சு. ஆனா கேக்குறது மட்டும் கொறையல' என்கிறாள்.