ஆற்றில் விழுந்தவனும் கரையில் நிற்பவனும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கிரியான் ஆறு ஓடும் பண்டார் பாரு வட்டாரத்தைச் சேர்ந்த செர்டாங்கிலே, ஒரு மாலை நேரத்தில் தேநீர்க் கடையொன்றில் நாம் அமர்ந்திருந்தோம். மேலே மழை பெய்திருந்தபடியால் ஆறு கலங்கி ஓடுகிறதென்று ஒருவர் சொல்ல, பேச்சு ஆற்றில் மாண்டவர்களைப் பற்றித் திரும்பிற்று. முதிய தோட்டத் தொழிலாளி ஒருவர், “தம்பி, ஆறு வருஷத்துக்கு ஓர் உயிரைக் கேட்கும். எழுதியவன் எழுத்தை யார் அழிக்க முடியும்?” என்றார். பக்கத்திலிருந்த இளைஞர், “அவனவன் உயிர் அவனவன் பாடு. போகாதே என்றால் கேட்கிறானா?” என்றார். மூன்றாமவர் எழுந்து நின்று, “கண்ணெதிரே ஒருவன் மூழ்கும்போது குதிக்காதவன் மனிதனே அல்லன்” என்று முடித்துவிட்டார்.

இம்மூன்று அபிப்பிராயங்களும் நம் ஜனங்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருபவை. மூன்றும் உண்மைபோலத் தோன்றுபவை. ஆனால் சற்று யோசித்துப் பார்ப்போமானால், மூன்றினாலும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்பது விளங்கும்.

முதலாவதாக விதியை எடுத்துக்கொள்வோம். நீரில் மூழ்கி மூச்சற்றவனைக் கரையில் கிடத்தி அழுவதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் ஒரு காலத்தில் ஐரோப்பியரும் நினைத்தனர். 1767-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் சிலர் அதனை ஒப்புக்கொள்ள மறுத்து, மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். 1774-இல் லண்டனிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது போன்ற முறைகளை அவர்கள் ஊராருக்குக் கற்பித்தனர். மாண்டவரென்று விடப்பட்டவர் சிலர் கண் விழித்தனர். அப்படியானால் அதற்கு முன்பு மாண்டவர்களைக் கொன்றது விதியா, அறியாமையா?

இனி, நம்மூர்க் காரியத்துக்கே வருவோம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி குனோங் ஜெராய் மலையிலிருந்து நீரும் சேறும் மரங்களும் திடீரெனப் பாய்ந்து இறங்கி, யான் வட்டாரத்தில் உயிர்ச்சேதம் விளைத்ததை நாம் மறக்கவில்லை. இத்தகைய பாய்ச்சலை மலாய்க்காரர் ‘கெப்பாலா ஆயர்’, அதாவது நீரின் தலை, என்பர். கீழே வெயில் காயும்போதே மேலே மலையில் மழை கொட்டக்கூடும். தெளிந்த நீர் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், நீர்மட்டம் ஏறுவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அடையாளங்கள். ஆறு இவ்வளவு சொல்லியும் கேளாமல் நின்றுவிட்டு, பின்னர் ஆறு காவு கேட்டது என்பது நியாயமாகுமா? அடையாளத்தைக் கண்டவுடன் மேட்டுக்கு ஏறத் தெரிந்தவனிடம் அந்த எழுத்து தோற்றுப்போகிறதே!

நிற்க. “அவனவன் உயிர் அவனவன் பாடு” என்பது இரண்டாவது வாதம். இது சுதந்திரத்தின் குரலைப்போல ஒலிக்கிறது. ஆனால் நீரில் விழுந்தவன் தனியாக மூழ்குவதில்லை. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி சிலாங்கூரில், பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவை அடுத்த பழைய சுரங்கக் குட்டையில் காணாமற்போன 17 வயது இளைஞனைத் தேடச் சென்ற தீயணைப்பு மீட்புப் படை வீரர் அறுவர், நீரின் வேகத்தில் சிக்கி உயிர் நீத்தனர். அறுவரும் பயிற்சி பெற்றவர்கள். அந்த இளைஞன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த இனம், எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஓர் உயிர் நீரில் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. மாண்ட இளைஞனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. நாம் சொல்வது இதுதான்: அடுத்தவர் நமக்காக இறங்குவர் என்பது உலகத்தில் உண்மையாயிருக்குமட்டும், நமது உயிர் நமது பாடு மட்டும் ஆகாது. நமது அஜாக்கிரதைக்குரிய கடனை முன்பின் அறியாத ஒருவரின் மனைவி மக்கள் செலுத்த நேரலாம்.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் சில நீர் விளையாட்டுக்காரர்கள். அமெரிக்காவிலே கொலம்பியா நதி மலைகளினூடே மேற்கு நோக்கிப் பாய்கிறது. கோடையில் மேற்கிலிருந்து காற்று அதனை எதிர்த்து வீசுகிறது. அங்கே, பெரும் பட்டமொன்றை உடலோடு பிணைத்து, அதன் இழுப்பில் பலகைமேல் நின்று நீரைக் கிழித்துச் செல்வர். இதற்குக் கைட்போர்டிங் என்று பெயர். இந்த வேடிக்கை நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். அவ்விளையாட்டில் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுவது பாய்வதன்று, விடுவது. இடுப்பருகே ஒரு பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் பட்டம் தன் இழுவிசையை இழந்துவிடும். அதன் பின்னும் ஆபத்து நீங்காவிடில், பட்டத்தையே முழுதும் கழற்றி விட்டுவிட வேண்டும். தனியே போகாதே, கரையிலிருந்து அப்பால் தள்ளும் காற்றில் இறங்காதே, உன்னை நீயே கரைசேர்க்கக் கற்றபின் ஆழத்துக்குப் போ என்பன ஏனைய பாடங்கள். விலையுயர்ந்த பட்டத்தை விட மனமின்றிப் பற்றிக்கொண்டிருப்பவன் தன்னையும் இழக்கக்கூடும். தன்னைத் தேடி வருபவரையும் இழுத்துவிடக்கூடும்.

நம் பிள்ளைகளிடம் பட்டமில்லை. ஆனால் ஆற்றோடு போகும் ஒரு ஜோடி சிலிப்பர் இருக்கிறது. ஒரு பந்து இருக்கிறது. சிலிப்பரைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடி விழுமே என்ற பயம், நீரின் பயத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. “போனால் போகட்டும், நீ வந்தாயே, அது போதும்” என்று முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வைக்கும் தாயும் தகப்பனும், ஓர் உயிரை அன்றே காப்பாற்றி விட்டவர்களாவர்.

மூன்றாவது வாதம்தான் மிகவும் கடினமானது. குதிக்காதவன் மனிதனா? மூழ்குகிறவன் கையில் அகப்பட்டதையெல்லாம் பற்றுவான். மூச்சுக்காகத் தன்னை மீட்க வந்தவனின் தோள்மேலேயே ஏறுவான். அது நன்றிகேடன்று, உடலின் இயல்பு. ஆகவேதான் மீட்பு முறை அறிந்தோர், முதலில் கம்பை நீட்டு, எட்டாவிடில் கயிற்றையோ மிதப்பதையோ வீசு, படகிருந்தால் படகில் போ, பயிற்சியில்லாமல் நீரில் இறங்காதே என்று வரிசைப்படுத்துகின்றனர். ஒரு மூங்கில், ஒரு கைலி, நன்கு மூடிய வெற்று எண்ணெய்க் கலன் ஆகியவை கூட உயிர் காக்கும். நீந்தத் தெரியாதவன் குதிப்பதனால் ஒரு சாவு இரண்டாகிறதேயன்றி, சாவு தடைப்படுவதில்லை.

“அப்படியானால் பெற்ற தாய் குதிக்கிறாளே, அவளும் தவறு செய்தவளா?” என்று கேட்கலாம். இல்லை. அன்பு கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அன்பு கணக்குப் பார்க்காது என்பதனாலேயே, ஊர் முன்கூட்டிக் கணக்குப் பார்த்து வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. கரையில் ஒரு கயிறு தொங்கியிருந்தால் அத்தாய் குதித்திருக்க மாட்டாள், வீசியிருப்பாள். கயிறும் இல்லை, கம்பும் இல்லை, நீச்சலும் தெரியாது என்ற நிலையில் கரையில் நின்று கூவியவனைக் கோழை என்று ஏசுவது எளிது. அவன் அந்தக் காட்சியை ஆயுள் முழுதும் சுமப்பான். ஆனால் கயிறு கட்டாத குற்றம் அவனுடையது மட்டுமா? நம் எல்லோருடையதுமல்லவா? குதித்து மாண்டவனைப் போற்றுவோம். ஆனால் அவனுக்கு மாலை போடுவதையே கயிறு கட்டுவதற்குப் பதிலாகக் கொள்ளாதிருப்போம்.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனரென்றும், அவர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்களென்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஜூலை 25-ஆம் தேதியை மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. எழுத்து என்று ஒன்றிருந்தால் அது ஏழை நாட்டாரையே ஏன் தேடிப் பிடிக்க வேண்டும்?

ஆகவே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்பிக்க வேண்டும். கூச்சம் என்று சொல்லிப் பெண்ணுக்கு நீச்சலை மறுப்பது அவள் உயிரை மறுப்பதாகும். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும், கோயில் நிர்வாகத்தாரும், இளைஞர் மன்றத்தாரும் சேர்ந்து, பிள்ளைகள் இறங்கும் துறைதோறும் ஒரு கயிறும் மிதவையும் தொங்கவிடலாம். 999 என்ற எண்ணைக் குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். மூழ்கியவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றும் வழக்கத்தை விட்டு, மூச்சு ஊதவும் மார்பை அழுத்தவும் தக்கவரிடம் பழகிக்கொள்ள வேண்டும்.

அன்று நாம் இவற்றைச் சொல்லி முடித்தபோது, பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் லயத்துப் பையன் ஒருவன் போனான், தம்பி. அப்போது கரையில் நான்தான் நின்றேன். கயிறு இருந்ததா என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை” என்றார். அவர் ஏன் விதியைப் பற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. அவருக்கு அது ஆறுதல். அந்த ஆறுதலை அவரிடமிருந்து பறிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த பையனுக்கு வேண்டியது ஆறுதலன்று, கயிறு.