இயேசு என்னும் மனிதர்

சமய முதல்வர் ஒருவரைப் பற்றி எழும் வினாக்கள் பல. அவர் இறைவனா என்பது நம்பிக்கையைச் சார்ந்தது; வரலாற்று ஆராய்ச்சி அதற்கு விடை கூறாது. ஆயின், அப்படி ஒரு மனிதர் மண்ணில் நடமாடினாரா என்பது வரலாறு விடையிறுக்க வேண்டிய வினா. இயேசுவைப் பொறுத்தவரை ‘இல்லை’ என்றே விடை கூறினார் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் புரூனோ பவர். 1909-இல் ஆர்தர் டிரூஸ் அக்கருத்தையே தனி நூலாக விரித்துரைத்தார்.

மறுப்போர் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. இயேசு வாழ்ந்த நாளிலேயே எழுதப்பட்ட ஆவணம் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. நற்செய்தி நூல்கள் சில பத்தாண்டுகள் கழித்து அடியவர்களால் இயற்றப்பட்டவை. யூத வரலாற்றாசிரியர் யோசேபசின் நூலில் இயேசுவைப் புகழும் பகுதியில் பிற்காலக் கை புகுந்துள்ளதை அறிஞர் பலரும் ஒப்புவர்.

எனினும், ஆவணம் இல்லை என்பதனால் ஆளும் இல்லை என்று முடிவு கட்டலாமா? கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் எம்போன்றோர் நன்கு அறிவோம்: கோப்பில் ஏறாத ஏழைகள் கோடிக்கணக்கில் வாழ்ந்து மறைந்தனர். யூதேயாவைப் பத்தாண்டுகள் ஆண்ட பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லே 1961-இல்தான் செசரியாவில் வெளிப்பட்டது. ஆண்டவனுக்கே இந்நிலை எனில், தச்சனுக்குக் கல்வெட்டு எங்ஙனம் கிடைக்கும்?

கிடைத்துள்ள சான்றுகளோ சிறியவை, ஆயினும் வலியவை. கி.பி. 50-களில் மடல் வரைந்த பவுல், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபை எருசலேமில் நேரிற் கண்டதாகக் கூறுகிறார். அந்த யாக்கோபு கொல்லப்பட்டதை யோசேபசு வேறோர் இடத்தில் குறிக்கிறார். கிறிஸ்தவர்மீது சற்றும் பரிவற்ற ரோமானியர் டாசிட்டஸ், கி.பி. 116-ஐ ஒட்டி, பிலாத்து அளித்த மரண தண்டனையைப் பதிவு செய்கிறார். மேலும், மீட்பர் ஒருவரைக் கற்பனையாற் படைப்போர், அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சிலுவைச் சாவை அவருக்குச் சூட்டுவரோ? இக்காரணங்களால், சமயச் சார்பற்றோர் உள்ளிட்ட பெரும்பாலான வரலாற்று அறிஞர் இன்று அம்மனிதர் வாழ்ந்தார் என்றே கொள்வர்.

இங்கு அறம் சார்ந்த வினா ஒன்று எழுகிறது. 1931-இல் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்புகையில், கப்பலில் கிறிஸ்துமஸ் நாளன்று பேசிய காந்தியடிகள், இயேசு வாழவே இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் மலைப்பொழிவு தமக்கு மெய்யாகவே இருக்கும் என்றார். அறவுரை அளவில் அக்கூற்று முற்றும் சரியே. பகைவரை நேசி என்னும் சொல்லுக்குச் சொன்னவரின் பிறப்புச் சான்றிதழ் வேண்டுவதில்லை.

ஆனால் சிலுவை அறவுரை அன்று. அது ஒரு நிகழ்ச்சி. ஓர் அரசு ஒரு மனிதரை அறைந்து கொன்றது. அவர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்பது, நொந்து மடிந்தவரைக் கதைக்குள் ஒதுக்கிவிடுவதாகும். போதனை ஆசானின்றியும் நிற்கும். வேதனையோ அதனைப் பட்டவரின்றி நில்லாது. ஆதலின், வாழ்ந்தாரா என்று ஆராய்வது நம்பிக்கையைக் குலைக்கும் செயலன்று. துன்புற்ற ஒருவருக்கு, அவரை வணங்குவோரும் வணங்காதோரும் ஒருங்கே செலுத்த வேண்டிய கடனே அது.