நாபோத்தின் நிலமும் நம்முடைய ஜெபமும்



1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான். யேசபேல் என்ன செய்தாள்? ராஜாவின் பேரால் நிருபம் எழுதி, முத்திரை போட்டு, இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தினாள். போலிப் பத்திரம் இன்று நேற்று வந்ததல்ல, பிரியமானவர்களே! தேவன் எலியாவை எங்கே அனுப்பினார்? ஆகாப் நின்றுகொண்டிருந்த அதே தோட்டத்துக்கு. தீர்க்கதரிசி நிலத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பட்டாவைக் கொண்டுவந்தார். "ஐயா, ஒருதரம் கூட வாங்க. நீங்க வெள்ளைச் சட்டை போட்டு நின்னா, அவங்க என்னையும் உக்காரச் சொல்லுவாங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? "அம்மா, நம்ம குடியிருப்பு பரலோகத்துல. ஜெபிப்போம்." ஜெபித்தேன், நல்ல ஜெபம்தான். அவர் தனியாகப் போனார். யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அந்த நிலத்தில் இன்று வேறொருவர் சவுக்கு வைத்திருக்கிறார்.

வேதாகமக் கல்லூரியில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மான்ட்கோமரியில் 1955-ல் பஸ் புறக்கணிப்பு தொடங்கியபோது அவர் 26 வயதுப் போதகர். 1959-ல் நம் தேசத்துக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்து போனாலும், யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டதாக அவரே பின்னாளில் தம் சபையில் பிரசங்கித்தார். நல்லது. ஆனால் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போய்விடுகிற செங்கல்பட்டில் இருந்த ஆதாம் ஆண்ட்ரூ ஐயரைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இவர் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனெரி. அந்நாளில் செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை. சேரியில் இருக்கிற ஒருவர் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. "எனக்கு வேணும்" என்று அவர் சொன்னால் போதும், மனு போச்சு. குடிசை போட்டிருக்கும் மனையும் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் இறங்கிப் போக வேண்டியதுதான். ஆண்ட்ரூ ஐயரும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயரும் இதை அரசாங்கத்துக்கு எழுதினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், ஜனங்கள் மனுப் போட உதவினார்கள். கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் இந்த ஜனங்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான். டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம்தான் டி.சி. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த ஜனங்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை போட்டே கொடுத்தார்கள். ஆண்ட்ரூ ஐயர் செங்கல்பட்டுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தையும் உண்டாக்கினார்.

வெள்ளைக்காரப் போதகர்கள்தான் எல்லாம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தைக் காட்டினால் சபை பெருகும் என்ற கணக்கும் சிலரிடம் இருந்திருக்கும், மனுஷர்தானே. அதே ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையையே நடத்தினார். ஜனங்கள் தாங்களே எழுந்திருந்தார்கள். போதகர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். அந்த அவ்வளவைத்தான் நான் செய்யவில்லை.

கொடுத்த நிலம் நிலைத்ததா? கடனுக்கும் கைமாற்றுக்கும் எவ்வளவோ போய்விட்டது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் போயிற்று. முதல் பேரைக் கவனித்தீர்களா? நம் வீட்டுப் பிள்ளைக்கு வைக்கிற பேர்.

"பாஸ்டர், இது அரசியல் ஆச்சே, சபைக்குள்ள கொண்டு வரலாமா?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். கட்சிக்கொடி ஜெபவீட்டுக்குள் வராது, அதில் நான் உறுதி. ஆனால் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் நிலம் கேட்டு ஆசரிப்புக் கூடார வாசலில்தான் வந்து நின்றார்கள் (எண்ணாகமம் 27). மோசே அவர்களைத் துரத்தவில்லை. வழக்கைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். அல்லேலூயா!

அந்தத் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஐயா, இப்ப வர்றீங்களா?" என்றார்.

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஜெபவீட்டிலேயே இருப்பேன். தாத்தா காலத்துப் பட்டா, கிஸ்தி ரசீது, எழுத்து அழிந்த காகிதமானாலும் எடுத்து வாருங்கள். ஒன்றிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வர வேண்டாம். சர்வே நம்பர் பார்க்கத் தெரிந்த வாலிபர் இரண்டு பேர் பேனாவோடு வரவும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அந்த அம்மாவோடு நான் தாலுக்கா ஆபீசுக்குப் போகிறேன். கூட வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனையிலேயே பேர் கொடுத்துவிடுங்கள்.